நடுத் தட்டுக்கு இரண்டு பேர்

பிப்ரவரி 9

மாப்பிள்ளைக்கு,

உங்கள் பழைய எண்ணைக் கூப்பிட்டால் யாரோ ஒரு பெண் எடுத்து, "இது பேக்கரிங்க, கேக் ஆர்டரா?" என்கிறாள். மூன்றாம் முறை கூப்பிட்டபோது அவளுக்கே என் மேல் பரிதாபம் வந்துவிட்டது. எண்ணை மாற்றியது உங்கள் இஷ்டம். வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியை மாற்றியிருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் அந்த முகவரிக்கு எழுதுகிறேன்.

விஷயம் இரண்டு. முதலாவது, உங்கள் கார். நீங்களும் என் மகளும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து மாதங்கள் ஆகிவிட்டன. கார் இன்னும் என் வீட்டு ஷெட்டில்தான் நிற்கிறது. அதன் எஞ்சின் அக்கு வேறு ஆணி வேறாக அலமாரியில் கிடக்கிறது. மகளுடைய வாடகை வீட்டு ஒப்பந்தம் முடியப் போகிறது, என்னோடு வந்து இருக்கப் போகிறாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்த வண்டி போகணும்மா. அதை எடுக்கறேன்னு அவர் இந்தப் பக்கம் வரக்கூடாது. வண்டி போன பிறகு போனும் வேண்டாம், லெட்டரும் வேண்டாம். உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்." நான் சரி என்றேன். பட்டது அவள்தானே.

இரண்டாவது விஷயத்தை எழுதக் கொஞ்சம் தயக்கம். நான் டிசம்பரில் ஓய்வு பெற்றேன். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, நீராவியில் வைத்து எடுத்து, அடுக்கி அனுப்பும் அறைக்கு நான் பொறுப்பாளராக இருந்தது உங்களுக்குத் தெரியும். அந்தக் கை வீட்டில் சும்மா இருக்குமா. ஒரு நாள் ஷெட்டைத் திறந்தேன். உங்கள் சாமான் எல்லாம் முட்டை அட்டைகளில் கரியும் எண்ணெயுமாகக் கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, உலர்த்தி, எண்ணெய்த் துணியால் துடைத்து, இனம் இனமாகப் பிரித்து அடுக்கினேன். கத்தியோடு கத்தி, கிடுக்கியோடு கிடுக்கி, அதுதான் எங்கள் முறை. பட்டைகள் ஒரு தட்டில், ஸ்பிரிங்குகள் ஒரு தட்டில். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

முட்டை அட்டைகளைக் குப்பையில் போடும்போதுதான் ஒவ்வொரு குழியிலும் நீங்கள் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது கண்ணில் பட்டது. தண்ணீர் பட்டு எழுத்து கலைந்திருந்தது. அது முக்கியமா?

இப்படிக்கு,
அத்தை

•

பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

கடிதம் கிடைத்தது. முக்கியம்தான்.

அது சாதாரண எஞ்சின் இல்லை. ரோட்டரி எஞ்சின். மேலும் கீழும் போகும் பிஸ்டன் அதில் கிடையாது. பக்கம் உப்பிய முக்கோணம் போல இரண்டு ரோட்டர்கள், அவை ஷாஃப்ட் என்ற ஒரே தண்டில் மாட்டிக்கொண்டு, ஹவுசிங் என்ற உலோகக் கூட்டுக்குள் ஆளுக்கொன்றாகச் சுற்றும். ஒவ்வொரு முனையிலும் கசியாமல் அடைக்க ஒரு பட்டை நிற்கும், அது ஏபெக்ஸ் சீல். ஒவ்வொரு விளிம்பிலும் வளைந்த மெல்லிய பட்டை, அது சைடு சீல். அவை சந்திக்கும் மூலையில் பொத்தான் மாதிரி கார்னர் சீல். இவை எல்லாம் அதனதன் பள்ளத்தில் ஓடி ஓடித் தேய்ந்து, அந்தப் பள்ளத்துக்கே பழகியவை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் ஒன்று கசியும் அல்லது இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் எந்த ரோட்டர், எந்த முகம், எந்தப் பக்கம் என்று குழிக்குக் குழி எழுதி வைத்திருந்தேன்.

நீங்கள் செய்தது, ஒரு தெருவில் உள்ள எல்லோருடைய பல் செட்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கழுவி வைத்ததற்குச் சமம். சுத்தமாகத்தான் இருக்கும்.

நடந்தது நடந்துவிட்டது. பழைய இரும்பு வாங்குபவரைக் கூப்பிட்டு வண்டியையும் சாமானையும் கொடுத்துவிடுங்கள். என்னிடம் கேட்க வேண்டாம். உங்கள் மகள் நினைத்தபடி ஷெட் காலியாகிவிடும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள

•

மார்ச் 1

மாப்பிள்ளைக்கு,

அம்மையாராம். தங்கள் உண்மையுள்ளவராம். தண்ணீர் வரி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதோ என்று பார்த்தேன். ஆறு வருடம் அத்தை என்று கூப்பிட்ட வாய்க்கு ஒரே நாளில் என்ன வந்தது? எனக்கும் உங்கள் மேல் ஒரு குறை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இந்த ஊரை விட்டுப் போனபோது நீங்கள் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனீர்கள். ஷெட் சாவியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருந்தீர்கள்.

பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேன். வந்தவர் உங்கள் ரோட்டர் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இது என்னம்மா, கதவு திறந்தா மூடிக்காம இருக்க முட்டுக் குடுக்கற கல்லா?" என்றார். பிறகு ஹவுசிங்கைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். அனுப்பிவிட்டேன்.

நான் பொறுப்பில் இருந்த அறையிலிருந்து ஒரு தட்டுகூடக் குறையோடு வெளியே போனதில்லை. நான் கலைத்ததை நான்தான் அடுக்கிவிட்டு அனுப்புவேன். இதில் உங்கள் அனுமதி தேவையில்லை, வழி மட்டும் சொல்லுங்கள்.

விளக்கு வைத்த பூதக்கண்ணாடி ஒன்று என்னிடம் இருக்கிறது. கத்தரிக்கோல் முனையில் வெடிப்புப் பார்ப்பதற்கென்று வாங்கியது. அதை வைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உங்கள் சைடு சீல்களைப் பார்த்தேன். ஒன்றைப் போல ஒன்று தேயவில்லை. ஒன்றில் பளபளப்பு ஒரு நுனியில் மட்டும் இருக்கிறது, இன்னொன்றில் நடுவில். ரோட்டரின் பள்ளங்களின் ஓரத்திலும் அதே மாதிரிப் பளபளப்பு தெரிகிறது. இரண்டையும் பொருத்திப் பார்த்தால் யாருக்கு யார் என்று கண்டுபிடித்துவிடலாம் அல்லவா?

வேலை முடிந்து வண்டி வெளியே போய்விட்டால் உங்களுக்கு எழுத எனக்கு எந்தக் காரணமும் இருக்காது. மகளுக்குச் சரி என்று சொல்லியிருக்கிறேன். அது தெரிந்துதான் ஆரம்பிக்கிறேன்.

அத்தை

•

மார்ச் 14

அத்தைக்கு,

கண்டுபிடிக்கலாம். நேரம் பிடிக்கும், ஆனால் கண்டுபிடிக்கலாம். நான் இதை யோசித்ததில்லை.

தேய்மானத்தைப் பார்த்து ஜோடி சேர்த்த பிறகு, ஒவ்வொன்றையும் பள்ளத்தில் வைத்து, சீல் நுனிக்கும் கார்னர் சீலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். அதற்கான மெல்லிய தகடுகள் ஷெட்டில் உள்ள என் கருவிப் பெட்டியில் மேல் தட்டில் இருக்கின்றன. மெல்லிய தகடு நுழைந்து, அடுத்த கனத் தகடு நுழையாமல் இருந்தால் அது சரியான ஜோடி. இரண்டுமே நுழைந்தால் வேறு எடுத்துப் பாருங்கள். எதுவுமே நுழையாவிட்டாலும் அப்படித்தான், அரத்தை எடுத்துவிடாதீர்கள். அவசரம் வேண்டாம்.

ஏபெக்ஸ் சீல்கள் மட்டும் பழையவை உதவாது. புதிய செட் ஒன்று என்னிடம் இருக்கிறது. பிரிவதற்கு முன்பே வாங்கியது. இங்கே அறையில் சும்மா கிடந்தது. இத்தோடு பார்சலில் அனுப்பியிருக்கிறேன். தண்ணீர் அதன் வழியை விட்டுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களும் அதில் உள்ளன. அவற்றைப் பள்ளத்தில் வைக்கும்போது முறுக்கிக்கொள்ளக் கூடாது. முறுக்கினால் தண்ணீர் ரோட்டர் அறைக்குள் போய்விடும், பிறகு எல்லாம் வீண்.

எஞ்சினைப் படுக்க வைத்துக் கட்ட முடியாது. ஷெட் மூலையில் இருக்கும் இரும்பு ஸ்டாண்டில் செங்குத்தாக நிறுத்தி, கீழிருந்து மேலாக அடுக்க வேண்டும். முன் தட்டு, ரோட்டர், ஷாஃப்ட், ஹவுசிங், நடுத் தட்டு, மறுபடி ரோட்டர், ஹவுசிங், பின் தட்டு. எல்லாவற்றையும் சேர்த்து நீளப் போல்ட்டுகள் பிடித்துக்கொள்ளும். படம் வரைந்து, குறிப்பெழுதிப் பார்சலில் வைத்திருக்கிறேன். நடுத் தட்டுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள்.

சொல்லிக்கொள்ளாமல் போனதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. வக்கீல் அறையில் அன்று நான் வீட்டையே கவனிக்காதவன், வாய் திறக்காதவன், என்னோடு வாழ்ந்தது கல்லோடு குடித்தனம் நடத்தியதுபோல் இருந்தது என்றெல்லாம் சொல்லப்பட்டது. நீங்கள் பக்கத்து நாற்காலியில் இருந்தீர்கள். உங்கள் வீட்டுக் குழாய், ஃபியூஸ், மோட்டார் எல்லாம் பார்த்தவன் நான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மாப்பிள்ளை

•

ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

பார்சல் வந்தது. ஒவ்வொரு சீலையும் துணியில் தனித்தனியாகச் சுற்றி அனுப்பியதைப் பார்த்து, பரவாயில்லை, என்னிடம் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஜோடி சேர்த்துவிட்டேன். இரண்டு சைடு சீல் மட்டும் என்னைப் படாத பாடு படுத்தின. எங்கே வைத்தாலும் ஒட்டவில்லை. கடைசியில் பார்த்தால் அவற்றைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு பிடிவாதம் பிடித்தது நான்தான். முன் தட்டை ஸ்டாண்டில் ஏற்றியாயிற்று. சீல்கள் விழாமல் இருக்க நீங்கள் படத்தில் குறித்தபடி வாசலின் தடவி ஒட்டினேன். முழு டப்பா தீர்ந்துவிட்டது. மருந்துக் கடைக்காரர் பெரிய டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்து, "வீட்டுல எல்லாருக்கும் உதடு வெடிச்சிருக்கா?" என்று கேட்டார். எஞ்சினுக்கு என்றேன். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ரோட்டரைத் தூக்கி உள்ளே இறக்கும்போது மூச்சு முட்டியது. ஆனால் முன் தட்டில் உள்ள பல் சக்கரத்தில் போய் உட்கார்ந்ததும் ஒரு சத்தம் கேட்டது, சின்னதாக, எண்ணெய்க்குள்ளிருந்து. அது சரியான சத்தம் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. ஷாஃப்ட்டும் ஹவுசிங்கும் ஏற்றிவிட்டேன். நடுத் தட்டில் நிறுத்தியிருக்கிறேன்.

மகள் வந்துவிட்டாள். வீட்டு உரிமையாளருக்கு அவசரமாம், முன்னாலேயே காலி செய்யச் சொல்லிவிட்டாராம். வண்டி போக வேண்டும் என்றவள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன் அறையில் பெட்டிகளோடு இருக்கிறாள். ஷெட் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் கை கழுவிவிட்டு வந்தால் வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறாள். "பெட்ரோல் பங்க்ல படுத்து எழுந்த மாதிரி வர்றே" என்கிறாள்.

வக்கீல் அறையைப் பற்றி. நான் வாயைத் திறந்திருந்தால் உங்களுக்காகப் பேசியிருப்பேன். அது அவளுக்கு எதிராகப் பேசியதாக ஆகியிருக்கும். அவள் என் மகள், அன்று அவளுக்குப் பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். அதனால் வாயை மூடிக்கொண்டு குடிக்கக் கொடுத்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் மேல் பாசம் இல்லாமல் இல்லை. அதை அங்கே காட்ட எனக்கு வழியில்லை.

அத்தை

•

ஏப்ரல் 13

அத்தைக்கு,

படித்தேன். வக்கீல் அறை விஷயத்தை இனி எழுத மாட்டேன்.

நடுத் தட்டு. இதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது, முயற்சியும் செய்ய வேண்டாம். ஷாஃப்ட்டில் இரண்டு இடத்தில் புடைப்பு இருக்கிறது, ரோட்டருக்கு ஒன்றாக. நடுத் தட்டில் உள்ள ஓட்டை மேல் புடைப்பைத் தாண்டி இறங்க வேண்டும். ஷாஃப்ட் அதன் இடத்தில் முழுக்க உட்கார்ந்திருந்தால் தட்டு இறங்காது. ஒருவர் ஷாஃப்ட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் தட்டைச் சாய்த்து நுழைத்து இறக்க வேண்டும். ஷாஃப்ட்டை அதிகம் தூக்கினால் கீழே ரோட்டரும் கூடவே எழும்பும், நீங்கள் ஒட்டிய சீல்கள் கழன்றுவிடும். குறைவாகத் தூக்கினால் தட்டு சிக்கிக்கொள்ளும். தட்டு வார்ப்பிரும்பு. நழுவினால் விரல் போய்விடும்.

தூக்குகிறவரும் இறக்குகிறவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே செய்ய வேண்டும். "கொஞ்சம்", "போதும்", "நிறுத்து", இவ்வளவுதான். பேசாமல் செய்தால் தப்பாகும்.

நான் வந்தால் கொஞ்ச நேரத்தில் முடிகிற வேலை. வர முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்தில் பட்டறை இருந்தால் ஒரு ஆளைக் கூப்பிடுங்கள். உங்கள் மகளைக் கேட்க வேண்டாம். கேட்டு அவள் முடியாது என்று சொன்னால், இடையில் நீங்கள்தான் கஷ்டப்படுவீர்கள்.

மாப்பிள்ளை

•

ஏப்ரல் 29

மாப்பிள்ளைக்கு,

நான் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பட்டறைக்காரர் வருகிறேன் வருகிறேன் என்று பத்து நாள் இழுத்தடித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. உங்கள் கடிதத்தைப் பலகையில் குத்தி வைத்துவிட்டு, ஷாஃப்ட்டைக் கயிற்றில் கட்டி மேலே உத்தரத்தில் தொங்கவிட்டால் என்ன என்று நாற்காலி மேல் ஏறினேன். நாற்காலி ஆடியது. வாசலில் மகள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"இறங்கு முதல்ல" என்றாள். இறங்கினேன். "விழுந்து இடுப்பை உடைச்சுக்கிட்டா யார் பார்க்கறது? அவரா?" என்றாள். பலகையில் இருந்த உங்கள் கடிதத்தைப் படித்தாள். கடைசி வரைக்கும் படித்தாள், அவளைக் கேட்க வேண்டாம் என்று நீங்கள் எழுதியது உட்பட. பிறகு தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டு, "எதைத் தூக்கணும்?" என்றாள்.

அவள் ஷாஃப்ட்டைப் பிடித்தாள், நான் தட்டை எடுத்தேன். முதல் முறை சிக்கியது. இருவரும் பேசவில்லை, அதனால்தான். இரண்டாம் முறை அவளே சொன்னாள், "அம்மா, வாயைத் திறந்து சொல்லு, போட்டிருக்கு பார், பேசிக்கிட்டே செய்யணும்னு." கொஞ்சம் என்றேன், கொஞ்சம் தூக்கினாள். போதும் என்றேன். தட்டு வழுக்கிக்கொண்டு இறங்கி, ஹவுசிங்கில் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசிகளில் உட்கார்ந்தது. அவள் கையில் ஒரு சிராய்ப்பு, எனக்கு அதுகூட இல்லை.

கை துடைக்கும்போது அவள் ஒன்று சொன்னாள். எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். நீங்கள் இருவரும் இனி பேசிக்கொள்ளப் போவதில்லை, அதனால் இது உங்களுக்குத் தெரிய வேறு வழியில்லை. "ஆறு வருஷம் ஒரே வீட்டுல இருந்தேன். சாப்பாடு ஆச்சா, கதவு பூட்டியாச்சா, அவ்வளவுதான் பேச்சு. உனக்குப் பாரு, பக்கம் பக்கமா எழுதறார். எனக்குக் கோபம்கூட இல்லம்மா, ஆச்சரியமா இருக்கு" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

மீதியை நானே அடுக்கி முடித்தேன். போல்ட்டுகளை நீங்கள் படத்தில் எண் போட்ட வரிசைப்படியே கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஷாஃப்ட்டைக் கையால் திருப்பினால் சுற்றுகிறது, சுற்றும்போது புஸ் புஸ் என்று மூச்சு விடுகிறது. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு மூச்சு, எல்லாம் ஒரே அளவு.

அத்தை

•

மே 10

அத்தைக்கு,

மூச்சு ஒரே அளவாக இருந்தால் சீல்கள் எல்லாம் சரியான இடத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். நான் கட்டியிருந்தால்கூட இவ்வளவு சரியாக வந்திருக்குமா என்று தெரியவில்லை.

அவள் சொன்னது உண்மை. மறுக்க மாட்டேன். எனக்கு ஏதாவது ஒரு சாமான் நடுவில் இருந்தால் பேச்சு வருகிறது. லிஃப்ட் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு கதவு வழியாக மணிக்கணக்கில் பேசுவேன். வீட்டுக்கு வந்து, எதிரே ஒரு ஆள் சும்மா உட்கார்ந்து, "அப்புறம்?" என்றால் எனக்கு ஒன்றும் தோன்றாது. பழுது எதுவும் இல்லாதபோதும் வருகிற பேச்சுதான் அவளுக்குத் தேவைப்பட்டது. என்னிடம் அது இல்லை. இதை அவளிடம் சொல்ல வேண்டாம், காலம் கடந்துவிட்டது. வருத்தம்தான், நிறைய.

இனி வேலை. பட்டறைக்காரர் எடை தூக்கும் செயின் பிளாக் கொண்டுவந்து எஞ்சினை வண்டிக்குள் இறக்கட்டும், அதை நீங்கள் செய்யக் கூடாது. முதல் தடவை ஸ்டார்ட் செய்வதற்கு முன் பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் ஏறும் வரை சுற்ற விடுங்கள். பிறகு ஃபியூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். புகை வரும். நீங்கள் தடவிய வாசலின் முழுக்க எரிந்து வெளியே வர வேண்டும், அதனால் பயங்கரமாக வரும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் துணி காய்ந்தால் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

வண்டியை வாங்கிக்கொள்ள நான் வீட்டுக்கு வர மாட்டேன். நெடுஞ்சாலையில், உங்கள் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவே பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது. அங்கே காத்திருக்கிறேன். நாள் மட்டும் சொல்லுங்கள்.

இதற்கு மேல் சொல்லிக்கொடுக்க எதுவும் இல்லை.

மாப்பிள்ளை

•

ஜூன் 3

மாப்பிள்ளைக்கு,

ஓடுகிறது.

துணியைப் பற்றிச் சொல்லி வைத்தேன். புகையைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் யாருக்கும் புரிந்திருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் வாளியில் தண்ணீரோடு சுவரேறிக் குதித்து வந்தார். எதிர் வீட்டு அம்மாள் தெருவில் நின்றுகொண்டு எல்லோரையும் வெளியே வரச் சொல்லிக் கத்தினாள். நான் நிறுத்தவில்லை. புகைக்குள் உட்கார்ந்து பெடலிலிருந்து காலை எடுக்காமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் புகை மெலிந்து, சத்தம் மட்டும் மிஞ்சியது. உங்கள் எஞ்சின் உறுமவில்லை. ஒரு பெரிய தையல் மெஷின் வேகமெடுத்த மாதிரி வழவழவென்று இருந்தது. மகள் ஜன்னலைச் சாத்தினாள். ஆனால் சாத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள், நான் பார்த்தேன்.

வருகிற ஞாயிறு காலை பங்க்குக்கு ஓட்டி வருகிறேன். சாவியைக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

இதுதான் கடைசிக் கடிதம். அவளுக்குக் கொடுத்த வாக்கு. வேலை முடிந்தது எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் நேற்று ஷெட்டில் வெறும் தரையைக் கூட்டும்போது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தை

•

ஜூலை 6

அத்தைக்கு,

எழுதக் கூடாது என்று தெரியும். எஞ்சின் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

அன்று பங்க்கில் டயர் காற்றைப் பற்றி மட்டுமே பேசிவிட்டு உங்களைப் பஸ் ஏற்றிவிட்டேன். நீங்கள் ஜன்னல் வழியாக ஏதோ சொன்னீர்கள், கேட்கவில்லை. சரியாகக் காற்றடிக்க வேண்டும் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு தலையாட்டினேன்.

விஷயம் என்னவென்றால், தண்ணீர் கசிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை வருகிறது, தண்ணீர் டப்பாவில் குமிழி தெரிகிறது. ரப்பர் வளையம் ஒன்று முறுக்கிக்கொண்டிருக்கலாம், தண்ணீர் ரோட்டர் அறைக்குள் போகிறது என்று நினைக்கிறேன். முன் பக்கமா பின் பக்கமா என்று தெரியவில்லை. அதனால் நீங்கள் எந்த வளையத்தை முதலில் வைத்தீர்கள், எப்படி வைத்தீர்கள், வாசலின் எவ்வளவு தடவினீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். நிறைய எழுத வேண்டியிருக்கும். நான் அதைப் படித்துவிட்டுச் சந்தேகம் கேட்டு எழுதுவேன். சில மாதம்கூட ஆகலாம்.

மற்றபடி நலம். அறை வசதியாக இருக்கிறது. வேலைக்கு தினமும் வண்டியில்தான் போய் வருகிறேன். போன வாரம் கூட வேலை செய்கிறவரை ஏற்றிக்கொண்டு மலைப் பாதையில் அணைக்கட்டு வரை போனேன். வழியில் எங்கும் நிற்கவில்லை. "யார் கட்டின எஞ்சின்?" என்று கேட்டார். என் மாமியார் என்றேன். நம்பவில்லை.

மாப்பிள்ளை

•

ஜூலை 15

மாப்பிள்ளைக்கு,

தண்ணீர் குடிக்கும் எஞ்சினில் யாரும் மலையேற மாட்டார்கள். நீங்கள் கண்டிப்பாக ஏற மாட்டீர்கள். அப்படி ஒரு சந்தேகம் வந்தாலே சாவியைத் தொட மாட்டீர்கள், பஸ்ஸில் போவீர்கள். ஒரே கடிதத்தில் மேலே கசிகிறது என்று எழுதிவிட்டு, கீழே அணைக்கட்டு வரை போனேன் என்று எழுத உங்களால்தான் முடியும். அந்த வளையங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடி வைத்துப் பார்த்து வைத்தவள் நான். அவை முறுக்கவில்லை, எதுவும் கசியவில்லை.

உங்கள் கடிதம் மகள் கையில்தான் கிடைத்தது. பிரிக்காமல் என்னிடம் கொடுத்தாள். நான் படித்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தேன், ஒளித்து வைத்துப் பழக்கமில்லை. கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டு தடவை படித்தாள். "எஞ்சின்ல ஒண்ணும் இல்ல, அவருக்குத்தான் பேச ஆள் இல்ல" என்றாள். எனக்கும் இல்லை என்றேன். அப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. அவள் பாத்திரம் எல்லாம் கழுவி முடித்தாள். பிறகு, "போய்ட்டு வா. வந்து என்கிட்ட அவரைப் பத்தி ஒண்ணும் சொல்லாத. அங்க போய் என்னைப் பத்தியும் ஒண்ணும் சொல்லாத" என்றாள். அது அவளால் முடிந்தது. அதற்கு மேல் அவளிடம் கேட்க மாட்டேன், நீங்களும் கேட்கக் கூடாது.

விவாகரத்து உங்களுக்கும் அவளுக்கும் நடந்தது. எனக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை, நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. பஸ் ஜன்னலில் நான் சொன்னதும் டயர் காற்றைப் பற்றி இல்லை. ஒரு நாள் வரட்டுமா என்று கேட்டேன். நீங்கள் தலையாட்டினீர்கள், அதனால் ஒரு மாதமாகக் கூப்பிடுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வருகிற ஞாயிறு முதல் பஸ்ஸில் வருகிறேன். பஸ் நிலையத்துக்கு வண்டியைக் கொண்டு வாருங்கள். மதியச் சாப்பாடு உங்கள் பொறுப்பு, உப்புக் குறைத்துப் போடுங்கள். எஞ்சினைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. வேறு என்ன பேசுவது என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியவில்லை. சாயங்கால பஸ் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்போம்.

அத்தை